தலைவர் இல்லாத ஊரிலும் சபை உண்டு!

ஊராட்சித் தலைவர் நாற்காலி காலியாகிவிட்டால் ஊர் என்ன செய்யும்?

"இனி யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கையைப் பிசையும். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், தெரு விளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் முதலில் போய் நிற்பது தலைவர் வீட்டு வாசலில்தானே!

2025-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த நிலைமை வந்தது. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர்கள், உறுப்பினர்கள் எல்லோருடைய பதவிக்காலமும் அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் உடனே வரவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பு ஏற்றார்கள். கடலோரத்தில் இருக்கும் மணமேல்குடி ஒன்றியத்திலும் இதே கதைதான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது, அடுத்த தேர்தலுக்கு 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால், 1986-ல் ஊராட்சித் தேர்தல் நடந்த பிறகு அடுத்த தேர்தல் 1996-ல்தான் நடந்தது. பத்து ஆண்டுகள்!

தலைவர் போகலாம், வரலாம். பதவிக்காலமே இல்லாத ஒன்று ஊரில் இருக்கிறது. அதுதான் கிராம சபை.

உறுப்பினர் யார்?

கிராம சபைக்குத் தேர்தல் கிடையாது. மனுப் போட வேண்டாம். பணம் கட்ட வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். வலை இழுக்கிறவரும் உறுப்பினர். நாற்று நடுகிற அம்மாளும் உறுப்பினர்.

1993-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் இந்தச் சபைக்கு இடம் கொடுத்தது. மறு ஆண்டே தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள் சபை கூடும். பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களும் சேர்க்கப்பட்டன.

தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் கூட்டத்தை நடத்துவார். பேசுகிற உரிமை ஜனங்களிடமே இருக்கும்.

"பேசி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நெடுவாசலை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நெடுவாசலில் நடந்தது

நெடுவாசல், அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி தாலுகாவில் உள்ள ஊர். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் நெல்லும், கடலையும், வாழையும், தென்னையும் விளைகிற பூமி. பலா மரங்களும் உண்டு.

2017 பிப்ரவரி 15-ந் தேதி டெல்லியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பூமிக்கு அடியில் இருக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் எடுக்க, நாடு முழுவதும் 31 ஒப்பந்தங்களுக்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. "ஹைட்ரோ கார்பன் திட்டம்" என்று பத்திரிகைகளில் அடிபட்டது இதுதான். அந்தப் பட்டியலில் நெடுவாசலும் இருந்தது.

அந்த வட்டாரத்து விவசாயிகளில் சிலர், பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக் கிணறு தோண்ட நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அப்போது சரியாகத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். கேள்வி கேட்காமல் போட்ட கையெழுத்து, பின்னால் கவலையாக வந்து நின்றது!

மறுநாளே போராட்டம் தொடங்கியது. பெண்கள் குழந்தைகளோடு வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். கல்லூரி மாணவர்கள் வெளியூர்களில் இருந்து வந்தார்கள். வடகாடு, நல்லாண்டார்கொல்லை ஆகிய பக்கத்து ஊர்களிலும் ஜனங்கள் திரண்டார்கள்.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. அப்போது அந்த ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் கிடையாது! தனி அலுவலர் காலம் அது. ஊர்க்காரர்கள் தாங்களே கூடினார்கள், தாங்களே பேசினார்கள். கிராம சபைகளில் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். முதல்-மந்திரி எடப்பாடி பழனிசாமியை அவர்களுடைய பிரதிநிதிகள் நேரில் பார்த்துப் பேசினார்கள்.

உறுதிமொழி கிடைத்தது. 22 நாள் போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் மார்ச் 27-ந் தேதி டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. "ஏமாந்துவிட்டோம்" என்று ஊர் கொதித்தது. ஏப்ரல் 12-ந் தேதி ஜனங்கள் மீண்டும் பந்தலில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அக்டோபர் வரை நீடித்தது. நெடுவாசலில் எரிவாயு எடுக்கும் வேலை தொடங்கவே இல்லை.

மணமேல்குடிக்கு என்ன லாபம்?

2020 பிப்ரவரி 20-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளோடு, கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்களும், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்களும் அதில் அடங்கும்.

புதுக்கோட்டையின் அந்த ஐந்து: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், திருவரங்குளம், கறம்பக்குடி, மணமேல்குடி!

இந்த இடங்களில் எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதிதாகக் கிணறு தோண்டக் கூடாது. தோல் தொழிற்சாலை, தாமிர உருக்காலை போன்றவையும் புதிதாக வரக் கூடாது.

கடலோர ஊருக்கும் காவிரிப் பாசனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. கல்லணையில் புறப்படும் கல்லணைக் கால்வாய் சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, கடைசியில் சேருமிடம் மணமேல்குடி வட்டாரத்து மும்பாலை ஏரி. கடைமடை என்றால் இதுதான் கடைமடை! மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் வந்தால்தான் இங்கே தண்ணீர். இப்படிப்பட்ட ஊர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் வயல் காய வேண்டியதுதான்.

அந்தச் சட்டம் முழுக் கவசம் அல்ல. ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. 2021 ஜூன் மாதம், புதுக்கோட்டை மாவட்டத்து வடதெருவை மத்திய சர்க்கார் மறுபடியும் ஏலப் பட்டியலில் சேர்த்தது. முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் ஆட்சேபித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டம் வந்துவிட்டது என்று ஊர் தூங்கிவிட முடியாது.

கிராம சபைத் தீர்மானம் மட்டும் போட்டிருந்தால் நெடுவாசல் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. பந்தல், பேச்சுவார்த்தை, பத்திரிகைச் செய்தி எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தன. ஆனால் "வெளியூர்க்காரர்கள் தூண்டிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்ட ஒரு தாள் வேண்டும் அல்லவா? ஊர் கூடிப் போட்ட தீர்மானம்தான் அந்தத் தாள்.

பாண்டிய மன்னனுக்கு மந்திரியாக இருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் மணமேல்குடி என்பார்கள். அந்தக் காலத்தில் மந்திரி ஒருவர் மன்னன் காதில் சொன்னால் போதும். இப்போது கேட்க வேண்டிய காதுகள் அதிகம். ஆகவே சொல்ல வேண்டிய வாய்களும் அதிகம்.

வெறும் கையெழுத்து

சில ஊர்களில் கிராம சபை எப்படி நடக்கிறது? நாலு பேர் உட்காருவார்கள். ஒருவர் தாளைப் பார்த்துப் படிப்பார். பிறகு நோட்டுப் புத்தகம் வீடு வீடாகப் போகும். கையெழுத்து சேர்ந்துவிடும்!

501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேராவது வர வேண்டும் என்பது விதி. வராதவர்களின் கையெழுத்தை வைத்து அந்தக் கணக்கை நிரப்பினால் அது சபை அல்ல, நாடகம்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள். எழுத்துக் கற்றவர், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டால், அதற்கும் கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு குறையும் உண்டு. 2022 டிசம்பரில், இதே மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் இன மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. நாடே தலைகுனிந்தது. ஒரே ஊரில் ஒரு தெருவார் மற்றத் தெருவாரோடு சரிசமமாக உட்கார்ந்து பேச முடியாவிட்டால், அங்கே எத்தனை சபை கூடி என்ன பயன்? சேரித் தெருவில் இருந்து வருகிற பெண்ணுக்கு முன் வரிசையில் இடம் கிடைக்கிறதா என்று பார்த்தாலே அந்தச் சபையின் லட்சணம் தெரிந்துவிடும்.

போகும்போது என்ன கொண்டு போவது?

கூட்டம் நடக்கும் நாளும் இடமும் ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். தண்ணீர்க் குழாயோ, கண்மாய்க் கரையோ, மீன் விற்கும் இடத்துச் சாக்கடையோ, எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதைத் தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. நாலு வீட்டார் முன்கூட்டியே கலந்து பேசிவிட்டுப் போனால், கூட்டத்தில் கூச்சல் குறையும்; சொல்ல வந்த விஷயமும் எடுபடும். வரவு-செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தீர்மானம் எழுதி முடிந்ததும், அதை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான். "அப்படி ஒரு தீர்மானமே போடவில்லையே" என்று பின்னால் யாராவது சொன்னால், 10 ரூபாய் கட்டி, தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.