பந்தைப் பறிப்போரே, பதில் கூறுவீர்!

நம் பிள்ளைகளுக்கு மனத்திண்மை இல்லையாம். போட்டி என்றதும் கால் நடுங்குகிறதாம். கடைசி ஐந்து நிமிடத்தில் கைவிட்டு விடுகிறார்களாம்! விளையாட்டு விழாக்களுக்குத் தலைமை தாங்க வரும் பெரியோர் ஆண்டுதோறும் ஓதும் பல்லவி இது. பிரம்பும் கடுஞ்சொல்லும் குறைந்ததே காரணம் என்று தீர்ப்பும் வழங்கிச் செல்கின்றனர். இத்தீர்ப்பை நாம் அடியோடு மறுக்கிறோம்.

கமக்காரர் அறிந்த உண்மை இப்பெரியோருக்கு எவ்வாறு மறைந்ததோ அறியோம். தேயிலை நாற்றின் மேலிட்ட நிழலைச் சிறிது சிறிதாக அகற்றி, வெயிலுக்குப் பழக்கிய பின்னரே மலையில் நடுகின்றனர். நிழலில் வளர்ந்த நாற்றைத் திடீரெனப் பிடுங்கி நட்டுவிட்டு, "வாடாதே!" என்று அதட்டுவார் உண்டோ? நம் பாடசாலைகள் பலவற்றில் நிகழ்வது அதுவே. ஆண்டுக்கொரு போட்டி, தோற்றால் வசை, பின்னர் அடுத்த ஆண்டுவரை மௌனம். போட்டியையே காணாத பிள்ளைக்குப் போட்டி மனம் வானத்திலிருந்தா இறங்கும்?

சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்ட வேலைக்கென 1920 இல் இந்நாட்டுக்கு வந்த ஒருவரின் பேரன் முத்தையா முரளிதரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் கற்றவர். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அச்சிறுவனைப் பதினான்காம் வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. கல்லூரிக் காலத்திலேயே ஆட்டத்தின்மேல் ஆட்டமாக ஆடி, விக்கெட்டுகளைக் குவித்துப் பழகிய கை அது. 1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேர்ண் திடலில், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்தை ஏழு முறை முறையற்றதென அறிவித்தார். அன்று அவருக்கு வயது இருபத்துமூன்று. அவர் செய்ததென்ன? மறுமுனைக்குச் சென்று தொடர்ந்து பந்து வீசினார்! 1999 இல் அடிலெயிட்டில் மீண்டும் அதே குற்றச்சாட்டு எழுந்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியினரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று எதிர்ப்புக் காட்டினார். 2010 ஜூலையில் காலியில், தம் டெஸ்ட் வாழ்வின் இறுதிப் பந்தில் முரளிதரன் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அத்திண்மையைப் பிரம்பா தந்தது? திருத்திய ஆசிரியர் ஒருவர், பக்கத்தில் நின்ற தலைவர் ஒருவர், கணக்கற்ற ஆட்டங்கள் — இவையே தந்தன என்பது நமது துணிபு.

இனி, பெற்றோரிடம் வருவோம். வைத்தியர், பொறியியலாளர், கமக்காரர் என்ற வேறுபாடின்றி நம்மவர் இல்லந்தோறும் ஒலிக்கும் வாக்கியம் ஒன்றுண்டு: "பேராதனைக்குப் போக வேண்டுமானால் பந்தைத் தொடாதே!" பரீட்சை முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். எந்தப் பரீட்சை? சாதாரணதரம் முடிந்தால் உயர்தரம். அதுவும் முடிந்தால் பட்டம். பந்து திரும்பும் வேளையில் பிள்ளைக்கு முழங்கால் வலி வந்துவிடும்!

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை இவர்கள் மறந்தனரோ? 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும், 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்து பதக்கமின்றித் திரும்பியவர் அவர். வீட்டார் அன்றே காலணியைப் பறித்திருப்பின், 1958 இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் தாண்டி, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தை ஈட்டியிருப்பாரா? அவரே பின்னர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்போர் இதற்கு யாது விடை கூறுவர்?

எந்தப் பேராதனையின் பெயரால் பந்து பறிக்கப்படுகிறதோ, அந்தப் பேராதனையிலேயே விரிவுரை மண்டபங்களோடு விளையாட்டுத் திடலும் உடற்பயிற்சிக் கூடமும் அமைந்துள்ளன. மேலே ஹந்தானை மலை. அதன் சரிவுகளில் தேயிலை. அங்கே லயன் அறைகள். சமநிலமே அரிதான அம்மலைகளில் ஒரு பிள்ளை நூறு மீற்றரை நேராக ஓடிப் பார்ப்பது எவ்விடத்தில்?

ஆதலின் நாம் கேட்பது அறிவுரையன்று. தவணை விடுமுறைகளில் அத்திடலைத் தோட்டப் பாடசாலைகளுக்குத் திறந்துவிடுக. அவற்றின் விளையாட்டாசிரியர்களுக்கு அங்கே பயிற்சி அளித்திடுக. கண்டி மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளுக்கிடையே மாதம் ஒரு போட்டியேனும் நடத்துக. தோற்ற அணிக்கு அடுத்த போட்டியின் தேதியை அன்றே அறிவித்திடுக. செலவுக்குப் பணமில்லை என்ற பழைய பதில் வருமாயின், விழா மேடைகளில் குவியும் பூமாலைகளின் கணக்கை நாம் கேட்க நேரிடும்.