பொலிஷ் அடிச்சா வரலாறு ஆகுமா?

பழைய கார்க் கழகம் ஒன்று ரயில்வே மியூசியத்துக்குப் போனால் என்ன நடக்கும்? ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மினுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். நீராவி என்ஜினுக்கு முன்னால் ஒரு குழுப்படம். 'அந்தக் காலம் மாதிரி வருமா?' எண்டு ஒரு பெருமூச்சு. பிறகு சாப்பாடு.

என்ர பிரச்சினை அந்தப் பெருமூச்சோடதான். எந்தக் காலம்? ஆருடைய காலம்?

கடுகண்ணாவையில் இருக்கிற தேசிய ரயில்வே மியூசியம் 2014 டிசம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. 1864 இல் அதே நாளில்தான் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை சனம் ஊர் சுற்றிப் பார்க்கப் போட்டதில்லை. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. அந்தக் கோப்பியைப் பறித்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலைக்குப் போனவர்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். பெருமூச்சு விடும்போது அவையளும் ஞாபகத்துக்கு வருகினமா?

அதே 2014 இல், ஒக்டோபரில்தான் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 1990 இல் நின்றது, 24 வருசம் வரேல்லை. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. நாடு ரயிலுக்கு 150 வயது கொண்டாடின வருசத்தில், இஞ்ச இருபது வயதுப் பிள்ளையள் தங்கட ஊரில் முதல்முதலாக ரயிலைப் பார்த்தார்கள்.

காரும் அப்படித்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகினதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் புகை கக்கிக் கக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்கள்தான். இண்டைக்கு அதில் ஒன்றை ஒருத்தர் வாங்கி, மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றத்தையெல்லாம் கழற்றி எறிஞ்சு, புதுசாகப் பெயின்ற் அடிச்சால், 'ஒறிஜினல்' எண்டு கைதட்டு விழும். எங்களுக்கோ அந்தக் காரின்ட முக்கியமான பக்கம் கிழிஞ்சு போயிற்று.

'கழகக்காரர் இல்லாட்டி இதெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும்' எண்டு நீங்கள் சொல்லலாம். உண்மைதான். தங்கட காசையும் நேரத்தையும் போட்டுக் காப்பாத்தினவைக்கு நன்றி சொல்லத்தான் வேணும். ஆனால் இரும்பைக் காப்பாத்தினது பாதி வேலை. ஒவ்வொரு காரோடும் ஒரு தாள் இருக்கட்டும்: ஆர் ஓட்டினது, எதில ஓடினது, ஆர் திருத்தினது. மியூசியத்துக்குப் போறவை என்ஜின் செய்த வருசத்தோட நிற்காமல், அதில கரி அள்ளிப் போட்டவரைப் பற்றியும், பாதைக்குக் கல் உடைச்சவரைப் பற்றியும் கேக்கட்டும். கேட்டால்தான் எழுதி வைப்பார்கள்.

எங்களுக்கு வேலை இன்னும் அவசரம். மண்ணெண்ணெயில் கார் ஓட வைச்ச மெக்கானிக்மாருக்கு வயது போய்க்கொண்டிருக்கு. அவையள் எழுதி வைக்கேல்லை, எல்லாம் கையிலயும் தலையிலயும்தான் இருக்கு. உங்கட ஊர்க் கராஜிலயும் ஒருத்தர் இருக்கக்கூடும். இந்த ஞாயிறு போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு போங்கோ. ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுத்து, அவர் கதைக்கிறதைப் பதிஞ்சுகொண்டு வாங்கோ.