சுஜாதாவுக்குப் படம், உம்மம்மாவுக்குப் படிவம்

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'வேகந்த வலவ்வ' (2002) படத்தைப் போன கிழமைதான் பார்த்தேன். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் எடுத்த படம். செக்கோவின் 'செர்ரிப் பழத் தோட்டம்' நாடகத்தை இலங்கைக்குக் கொண்டுவந்திருக்கிறார். லண்டனில் இருந்து திரும்பி வரும் சுஜாதாவாக மாலினி பொன்சேகா. மாளிகை கடனில் மூழ்கிக் கிடக்கிறது. அவவுக்கோ கணக்குப் பார்க்கத் தெரியாது, பார்க்க மனமும் இல்லை. கடைசியில் வீடு கைவிட்டுப் போகிறது.

நல்ல படம். நானும் அழுதேன். என்ட கோபமே அதுதான். ஒரு சீமாட்டி மாளிகையை இழந்தா 'ஒரு யுகத்தின் முடிவு' எண்டு எழுதுறோம். அது யாருட யுகம்? அந்த மாளிகையைக் கூட்டித் துடைச்சவங்களுக்கும் அது யுகமா?

எங்கட கரையில வளவு எண்டா மாளிகை இல்ல, வீடு நிக்கிற காணித் துண்டு. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எங்கேயும் அது பொம்புளப் புள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சீதனத்தை நான் புகழ வரல்ல. ஒரு வீட்டுக்காக வாப்பாமார் வெளிநாட்டில தேயுறதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனா உறுதி அவட பேரில இருந்திச்சு. பிரச்சினை வந்தா படியிறங்க வேண்டியது அவன்தான்.

2004 டிசம்பர் 26. இலங்கையிலேயே அதிகம் பேர் செத்தது அம்பாறை மாவட்டத்தில். பிறகு, கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது எண்டாங்க. புது வீடு தந்தப்போ படிவத்தில 'குடும்பத் தலைவர்' எண்டு ஒரு கட்டம். தலைவர் எண்டா ஆம்புள. அதனால பெண்ணுட பேரில இருந்த வீட்டுக்குப் பதிலாக் கிடைச்ச வீடு பல இடங்களில புருஷன் பேருக்குப் போனது. பெண்கள் அமைப்புகள் அப்பவே இதைக் கேள்வி கேட்டன. உம்மம்மாட வீடும் அப்படிப் போனதுதான். "கடல் செவரத்தான் எடுத்திச்சு. வளவ எடுத்தது கடுதாசி" எண்டுவா.

இதுவும் சொத்திருந்த பெண்ணின் வீழ்ச்சிதான். இதில பழைய மாளிகையும் இல்ல, லண்டனும் இல்ல. அதனால இது கதை ஆகல்ல, கணக்கெடுப்பு ஆகிட்டு.

லெஸ்டரோட எனக்குச் சண்டை இல்ல. அவருக்குத் தெரிஞ்ச வீட்டை அவர் எடுத்தார். சண்டை நம்மளோடதான். ஒவ்வொரு டிசம்பரும் ட்ரோன் விட்டுக் கடலைக் காட்டுற நம்மட குறும்படக்காரர்களே, ஒருக்கா அந்தப் படிவத்தைக் காட்டுங்க.