பத்து நாள் பார்த்துக்கொள்ள ஓர் இடம்

ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் அறிவுசார் குறைபாடுடைய பிள்ளையைப் பெற்ற தாய், அதற்கு ஐந்து வயது ஆகும்வரை தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகலாம். அதன்பின் பாட்டிதான் துணை. பாட்டி படுக்கையில் விழுந்தால், அல்லது தாய்க்கே சத்திரசிகிச்சை என்று வந்தால், லயக் காம்பராவின் கதவுக்கு வெளியிலிருந்து கொண்டி போடப்படுகிறது. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் பக்கத்துக் காம்பராவிலும் ஆள் இருக்காது. அவர்களும் மலையில் நிற்பார்கள். பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டால் அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை.

இப்படிப் பூட்டப்பட்ட பிள்ளையைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் தாயைக் குற்றஞ்சாட்டுவது நம் சமூகத்தின் வழக்கமாகிவிட்டது. அதில் சேர நாம் மறுக்கிறோம். நெருக்கடி நேரத்தில் பிள்ளையைச் சில நாட்கள் பாதுகாப்பாகத் தங்கவைத்து, நிலைமை சீரானதும் வீட்டுக்கு அனுப்பும் ஓர் இல்லம் அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால், அவள் கொண்டியைத் தொட்டிருக்க மாட்டாள்.

இது சலுகை கேட்கும் விடயமன்று. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் இத்தகைய குடும்பங்களுக்குப் பராமரிப்புச் சுமையிலிருந்து தற்காலிக ஓய்வு தரும் சேவைக்கு அரசு உதவ வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதாக இந்த நாட்டில் நிறைவேற்றப்பட்டுவிட்டது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆகியன 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்தின் கையில் உள்ளன. ஆனால் மத்திய மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் கலைந்ததிலிருந்து தேர்தலையே காணவில்லை. இந்தப் பிள்ளைகளுக்காக எழுந்து கேள்வி கேட்கவேண்டிய ஆசனங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

இருப்பவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. நுவரெலியாவில் 1988 முதல் இயங்கும் மென்கஃபெப் நிறுவனம், அரசு தொடாத இடத்தில் இப்பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாதாந்தக் கொடுப்பனவும் உயர்த்தப்பட்டுள்ளது. ஆனால் தாய் பிரசவத்துக்காக டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் படுத்திருக்கும் இரவில், கொடுப்பனவு பிள்ளைக்குச் சோறு ஊட்டாது.

சிறுவர் இல்லங்கள் இருக்கின்றனவே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அங்கேதான் நமக்கு அச்சம். இந்நாட்டின் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். சில மாதங்களுக்கென்று விடப்பட்டு அப்படியே வருடக்கணக்கில் தங்கிப்போன பிள்ளைகள் அங்கே உண்டு. பேச்சு வராத பிள்ளை தன்னை வீட்டுக்கு அழைத்துப்போகும்படி கேட்கவும் முடியாது. தனக்கு நடந்ததைச் சொல்லவும் முடியாது. ஆகவே நாம் கேட்பது இன்னொரு பெரிய விடுதியன்று. ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் இராத வீடு. இரவிலும் விழித்திருக்கும், தமிழ் பேசும், வலிப்புக்கு மருந்து கொடுக்கத் தெரிந்த தாதியர். அனுமதிக்கும் அன்றே எழுதப்படும் வீடு திரும்பும் திகதி. அது தவறினால் விளக்கம் சொல்லவேண்டிய ஓர் அதிகாரி. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கக்கூடியதாகவும் அது இருக்கவேண்டும். பூட்டிய வாசலுக்குப் பின்னால்தான் கொடுமை நடக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. மண்சரிவுக்கு அஞ்சி லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் நெருக்கியடித்துக்கொண்டு தங்கின. சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைக்கு அத்தகைய மண்டபம் எப்படிப்பட்ட வதை என்பதைத் தாய்மாரிடம் கேட்டால் தெரியும். அடுத்த மழைக்கும் இதே ஏற்பாடுதானா?

இடமில்லை என்ற பதிலை ஏற்க முடியாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பழைய துரை பங்களாக்கள் சொகுசு விடுதிகளாகி, வெளிநாட்டவரைச் சில இரவுகள் உபசரிக்கின்றன. அந்த வருமானத்தை நாம் வெறுக்கவில்லை. இதே மலையில் கொழுந்தெடுப்பவளின் பிள்ளைக்குச் சில இரவுகள் தங்க ஓர் அறை இல்லாதிருப்பதுதான் அநீதி. அதற்கு மாகாண நிர்வாகம் முதற் குற்றவாளி. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பெருந்தோட்டக் கம்பனிகளும், சந்தா வாங்கியும் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காத தொழிற்சங்கங்களும் அந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

டிக்கோயா வைத்தியசாலைக்கு அருகே ஒன்றும் நுவரெலியாவில் ஒன்றுமாக இரு இல்லங்களை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே மாகாணம் தொடங்கவேண்டும். கட்டடத்தைக் கம்பனிகள் தரட்டும். பிள்ளையைச் சேர்க்கப்போகும் நாளுக்கும் திரும்ப அழைத்துவரும் நாளுக்கும் தாய்க்குப் பேர் போடப்பட வேண்டும். அதைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வைப்பது சங்கங்களின் கடமை.