ஸ்டீராய்டா, வேண்டவே வேண்டாம்!

பேரனுக்குக் கவாசாகி நோய் வந்து டாக்டர் ஸ்டீராய்டு எழுதியபோது, "அது வேண்டாம்மா" என்று மகளிடம் சொன்னவன் நான்தான். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு. கவனிக்காவிட்டால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பலூன்போல் வீங்கலாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதுதான் முதல் சிகிச்சை.

என் பயம் டாக்டர்களுக்கும் இருந்ததுதான். ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் கூடுகிறது என்று 1979ல் ஒரு ஜப்பானிய ஆய்வு சொன்னது. ஆனால் 2012ல், அதே ஜப்பானில், நோய் கடுமையாயிருந்த குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலினோடு பிரெட்னிசலோனும் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்க்காதவர்களில் 23 சதவீதம் பேருக்குக் குழாய் பாதிப்பு. சேர்த்தவர்களில் 3 சதவீதம்தான்.

டாக்டர்களே மாற்றிக்கொண்டார்கள். பெரியவர்கள் நாமும் குறுக்கே நிற்காமல், எதற்கு, எத்தனை நாள் என்று மட்டும் கேட்போமே.