தாலந்து எத்தனை கிலோ?



காணிப்பாக்கத்துக்கு அருகிலுள்ள தமது கிராமத்தை விட்டுப் பிழைப்புக்காகப் பெங்களூரில் வந்து குடியிருக்கும் ஒரு சகோதரி, தமது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கேள்வியை நமக்கு அனுப்பியிருக்கிறார். "தாலந்துப் பரீட்சை" என்றால் பாட்டும் வசன ஒப்புவித்தலும் என்றே அறிந்திருந்த பிள்ளைகள், "நிலத்தில் புதைத்து வைத்த தாலந்து எவ்வளவு எடை?" என்று கேட்டார்களாம். ஒவ்வொருவர் ஒவ்வொரு தொகை சொல்லுகிறபடியால் சகோதரிக்குக் குழப்பம்.

விடை அவருடைய ஊர்த் தராசிலேயே இருக்கிறது. வெல்லத்துக்குப் பேர்போன சித்தூர்ச் சீமை 1953 வரை சென்னையோடு சேர்ந்திருந்தது. சென்னை எடைகளே அங்கும் வழங்கின. 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. தோலா என்பதோ அக்காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை, அதாவது 11.66 கிராம். நாணயமே எடைக்கல்லாகவும் நின்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிலோ வந்த பின்பும், நம் பாட்டிமார் வீசைக் கணக்கை எளிதில் விடவில்லை.

கிரேக்கரின் முறையும் இதுவே. அத்தேனே பட்டணத்து அளவின்படி 6 ஓபோல் ஒரு திராக்மா; 100 திராக்மா ஒரு மினா; 60 மினா ஒரு தாலந்து. திராக்மா என்ற வெள்ளிக்காசின் எடை ஏறக்குறைய 4.3 கிராம். ஆகவே கிராமை 4.3ஆல் வகுத்தால் திராக்மா கிடைக்கும். 8 கிராம் கொண்ட ஒரு பவுன் 1.86 திராக்மா, ஒரு கிலோ வெல்லம் ஏறக்குறைய 232 திராக்மா, அதாவது 2 மினாவும் 32 திராக்மாவும். வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் திர்ஹாம் என்ற பெயரும் இந்தத் திராக்மாவிலிருந்து பிறந்ததே.

மினா ஏறக்குறைய 430 கிராம். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் நம் தமிழ் வேதாகமம் இதனை "ராத்தல்" என்கிறது. நம் கடைகளில் வழங்கிய ராத்தல் 453 கிராம் ஆகையால், மொழிபெயர்த்தவர்கள் அதிகம் தவறிவிடவில்லை. ஆனால் யோவான் 12ஆம் அதிகாரத்துத் தைலத்தின் ராத்தல் வேறு. அது ரோமருடைய லித்ரா, ஏறக்குறைய 327 கிராம். ஒரே தமிழ்ச்சொல், இரண்டு எடைகள். தாலந்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய ஏற்பாட்டின் எபிரெயத் தாலந்து ஏறக்குறைய 34 கிலோ. கிரேக்கத் தாலந்து 26 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசி மூட்டைகளுக்கு ஜிஎஸ்டி வந்தபோது, பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கினவே, அதுதான் கிட்டத்தட்ட ஒரு தாலந்து!

எடை அறிந்தவுடனே பலரும் அதனை இன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, "இத்தனை லட்சம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கேதான் பிழை நேரிடுகிறது. 2025ஆம் ஆண்டில் மாத்திரம் வெள்ளியின் விலை இருமடங்குக்கு மேல் ஏறியது. ஜனவரியில் எழுதிய பிரசங்கக் குறிப்பு டிசம்பரில் பொய்யாகிவிடும். கட்டடத்தில் சித்தாள் வேலை செய்கிற நம் சகோதரியின் கூலி அப்படி இருமடங்காகவில்லையே!

கூலியே இதற்கு ஏற்ற அளவு. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து வேலையாளின் ஒருநாட் கூலி, திராக்மாவுக்கு இணையாக எண்ணப்பட்ட ஒரு தெனாரி. அப்படியானால் ஒரு தாலந்து 6,000 நாட் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் 20 வருஷத்து உழைப்பு.

இனி மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அந்த ஊழியக்காரன் பட்டிருந்த கடன் பதினாயிரம் தாலந்து. வெள்ளியாக நிறுத்தால் ஏறக்குறைய 259 டன். பத்து டன் ஏற்றும் லாரிகள் 26 வேண்டும். அவன் தன் உடன்வேலைக்காரனுடைய தொண்டையைப் பிடித்துக் கேட்டதோ நூறு தெனாரி. அக்காலத்துத் தெனாரி 3.8 கிராம் அளவே ஆகையால், எல்லாம் சேர்ந்தும் 400 கிராம் இல்லை. ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

அடுத்த ஞாயிறன்று சகோதரி ஓர் அரிசி மூட்டையையும், கைக்குட்டையில் முடிந்த 380 கிராம் வெல்லத்தையும் வகுப்பில் வைக்கட்டும். பிள்ளைகள் இரண்டையும் தூக்கிப் பார்க்கட்டும்.