குதிரையை இறக்குங்கள், ஆளை அல்ல

போன கோடை விடுமுறையில் அக்கா குடும்பத்தோடு மெரினா போயிருந்தேன். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த அக்கா மகளுக்கு இரண்டடி தள்ளி ஒரு குதிரை பாய்ந்து போனது. மேலே பத்து வயதுப் பையன். கயிற்றைப் பிடித்திருக்க வேண்டியவர் பின்னால் ஓடி வந்தார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து, கூட்டம் கூடும் பொது இடங்களில் கேளிக்கைக் குதிரைச் சவாரியை நிறுத்த வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நான் இருக்கிறேன். மிரண்ட குதிரையை ஒரு கயிறு நிறுத்தாது. ஏறும் குழந்தைக்குத் தலைக்கவசம் போட்டு நான் பார்த்ததில்லை. வெயிலில் நாளெல்லாம் சேணத்தோடு நிற்கும் குதிரைக்கும் அது ஒரு வாழ்க்கை அல்ல.

ஆனால் 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. நான் குடியிருக்கும் வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் மனுவோடு வரும் சேரி மக்களைப் பார்க்கிறேன். இதே மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் காவலோடு நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. அதுவரை பல பத்தாண்டுகள் அவர்களை வெளியே நிறுத்தி வைத்ததற்கும் ஊர் அமைதி என்றுதான் பெயர்.

குதிரைக்கே வருவோம். உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டம் நிஜாம்பூரில் ஒரு தலித் மாப்பிள்ளை ஊர்வலம் போக அனுமதி கேட்டார். அமைதி கெடும் என்றது நிர்வாகம். அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை அலைந்து, 2018 ஜூலையில் பெரும் போலீஸ் காவலோடு குதிரை வண்டியில் போனார். அதே ஆண்டு மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறியதும்தான் காரணம் என்று அவருடைய தந்தை புகார் கொடுத்தார். நம் ஊரில் குதிரைக்குப் பதில் புல்லட். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள்.

இன்னொரு குதிரைக் கூட்டமும் பொது நிலத்தில்தான் ஓடியது. ஊட்டியில் 52 ஏக்கர். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகை 1978இல் முடிந்தது. அரசு நிலத்தை மீட்டது 2024 ஜூனில். கிண்டியில் 160 ஏக்கர், 1945இல் 99 ஆண்டுக் குத்தகை, வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம். (என் விடுதி வாடகை மாதத்துக்கே அதைவிட அதிகம்.) பல நூறு கோடி ரூபாய் பாக்கி என்று வழக்கு நடந்து, 2024 செப்டம்பரில்தான் சீல் வைத்தார்கள். மணலில் நிற்கும் குதிரைக்காரரை அப்புறப்படுத்த வழக்கு வேண்டாம், ஒரு லத்தி போதும்.

மும்பையில் விக்டோரியா குதிரை வண்டிகளின் உல்லாசச் சவாரி சட்டவிரோதம் என்று 2015 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பேசப்பட்டது பெரும்பாலும் குதிரைகள் படும் வதை. ஆனாலும் ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்து, வண்டிக்காரர்களின் மறுவாழ்வுக்குத் திட்டம் வகுக்கச் சொன்னது. 2021இல் மின்சாரத்தில் ஓடும் விக்டோரியாக்கள் வந்தன. தாமதம்தான். ஆனாலும் குதிரையோடு சேர்த்து ஆளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட தீர்ப்பு அது.

மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் சவாரியை நிறுத்துங்கள். அதற்கு முன் அங்கே குதிரை ஓட்டிப் பிழைப்பவர்களைக் கணக்கெடுத்து, அதே இடத்தில் கடையோ வேறு வேலையோ கொடுங்கள். உத்தரவில் 'கட்டணம் வாங்கி நடத்தும் கேளிக்கைச் சவாரி' என்று தெளிவாக எழுதுங்கள். 'பொது இடத்தில் குதிரை' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், அந்தத் தாளை எந்தத் தெரு முனையில் நின்று எந்த மாப்பிள்ளையிடம் நீட்டுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.